டி-ஷர்ட்டுக்காக வந்தவன்

கட்டற்ற மென்பொருள் உலகத்துக்குள் நான் நுழைந்தது ஒரு டி-ஷர்ட்டுக்காக. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்து அந்த உலகத்துக்கு வித்திட்ட கதையெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நம் கணக்கைப் பார்க்கிறார்கள் என்று அலுவலகத்து அண்ணன் ஒருவர் சொன்னார். அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு வரும், நான்கு புல் ரிக்வெஸ்ட் (நிரலில் மாற்றம் செய்யக் கோரிக்கை) போட்டால் டி-ஷர்ட் வீடு தேடி வரும் என்றும் சொன்னார். போட்டேன்.

இதே கணக்கோடு வந்தவர்கள் ஏராளம். 2020இல் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை நுழைப்பது, ஒரு காற்புள்ளியை நகர்த்துவது என்று குப்பை குவிந்து, ப்ராஜெக்டுகளின் பராமரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். பங்கேற்கச் சம்மதித்த ப்ராஜெக்டுகள் மட்டுமே கணக்கில் வரும் என்று நிகழ்வை நடத்தியவர்கள் அந்த மாதத்திலேயே விதியை மாற்றினார்கள். என்னுடையவை அவ்வளவு மோசமில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். நம்புவது உங்கள் இஷ்டம்.

என்னை உள்ளே இழுத்துப் போட்டது ஒரு பக். தமிழ்ப் புத்தகங்களைப் பட்டியலிடும் சின்ன மென்பொருள் அது. 'கொடி' என்று தேடினால் சில புத்தகங்கள் வருவதே இல்லை என்று ஒருவர் புகார் எழுதியிருந்தார். திரையில் பார்த்தால் எல்லாக் கொடியும் ஒரே கொடிதான். ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் அச்சிட்டுப் பார்த்ததும் குட்டு உடைந்தது. 'கொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பைத்தானில் இந்த வடிவங்களை ஒன்றாக்குவதற்கென்றே நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்தது என்று பேட்ச் அனுப்பிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

பாராட்டு வரவில்லை, பராமரிப்பாளரிடமிருந்து கேள்வி வந்தது. "டெஸ்ட் எங்கே? 'கோ', 'கௌ' இரண்டையும் பார்த்தீர்களா? கெளரி என்று ளகரம் போட்டு அடித்திருந்தால்?" கடைசிக் கேள்வியில் ஆடிப்போனேன். பலரும் அப்படித்தான் அடிக்கிறார்கள். அங்கே இருப்பது நிஜமான 'ள' என்பதால் நார்மலைஸ் அதைத் தொடவே தொடாது. அதைத் தனியாகக் கையாள வேண்டும், ஆனால் 'வெள்ளம்' கெட்டுவிடக் கூடாது. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி சம்பளமில்லாமல் உட்கார்ந்து இதை எனக்கு விளக்கினார் அந்த மனிதர். நான் சம்பளம் வாங்கிய இடத்தில் ரிவ்யூ என்றால் "ஓகே" என்ற ஒற்றைச் சொல்தான்.

பிற்பாடு ஒரு இன்டர்வியூவில் என் நிரலை யாரும் கேட்கவில்லை. இந்த உரையாடலைத்தான் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். வேலையும் கிடைத்தது.

நிரல் எழுத ஆள் இருக்கிறது, அந்த மனிதரைப்போலப் படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருள் விவகாரத்தில் நடந்தது அதுதான். ஓய்வு நேரத்தில் ஒருவர் தனியாகச் சுமந்துவந்த ப்ராஜெக்டில், உதவ வந்தவர்போல நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளக் கதவு வைத்தார். தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவியதால்தான் அது வெளியே வந்தது.

ஆகவே, புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் தீராமல் கிடக்கும் ஒரு பழைய புகாரை எடுங்கள். எந்தப் பதிப்பு, எந்தக் கீபோர்டு, என்ன அடித்தீர்கள், என்ன வந்தது என்று சோதித்து எழுதுங்கள். முதல் மாதம் ஒரு வரி நிரல்கூட அனுப்ப வேண்டாம்.