காற்றின் மேல் போட்ட பழி

மின்பளு பகிர்வு மையத்தில் ஷிப்ட் பொறியாளராக இருந்தேன். ஒரு மாலை பல ஊர்கள் இருண்டதற்குக் காரணம் நான். அறிக்கையில் காற்றின் மேல் பழி போட்டேன். அது பொய்.

தென்மண்டல மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற மண்டலங்களோடு ஒத்திசைவாக இணைந்தது 2013 டிசம்பர் 31-இல். நான் சொல்லும் மாலை அதற்கு முந்தைய ஒரு காற்று சீசனில். அப்போது கட்டமைப்பு சிறியது. உற்பத்தி சட்டென்று குறைந்தால் அதிர்வெண்ணும் வேகமாகச் சரியும்.

பிற்பகலில் ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் காற்று பலமாக அடித்தது. உற்பத்தி தேவையை மிஞ்சி அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைத் தாண்டியது. ஓர் அனல்மின் அலகை அடியோடு நிறுத்தச் சொன்னேன். பக்கத்து இருக்கையில் இருந்த இளம் பொறியாளர் தடுத்தார்.

“நிறுத்த வேண்டாம் சார். குறைச்சு ஓட்டலாம். மலையில மழை இறங்குது, காத்து படுத்துடும்.”

“காத்தப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதேம்மா” என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். காற்று மின்சாரத்தில் ஒரு யூனிட்டைக்கூட வீணாக்காதவன் என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மாலையில் காற்று படுத்தது. வேகம் பாதியானால் காற்றாலை தரும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். இது எனக்குத் தெரியும். வீடுகளில் விளக்குப் போடும் நேரம். மின்னல் தாக்கி ஒரு 230 கிலோவோல்ட் லைனும் ட்ரிப் ஆனது. நிறுத்திய அலகை மறுபடி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். நீர்மின் நிலையங்களுக்குப் போன் செய்தேன். அவை உற்பத்தியைக் கூட்டுவதற்குள் அதிர்வெண் சரிந்து, ரிலேக்கள் ஊர்களுக்குப் போகும் ஃபீடர்களைத் தாமாகவே வெட்டிவிட்டன.

விசைத்தறிகள் பாதி நெசவில் நின்றன. நெய்த மீட்டருக்குத்தான் அங்கே கூலி. குடிநீர் மோட்டார்கள் நின்றன. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்தச் செவிலியரின் திறமையால். அதில் எனக்குப் பங்கில்லை.

“காற்று எதிர்பாராமல் குறைந்தது” என்று அறிக்கை எழுதினேன். எதிர்பார்த்துச் சொன்னவரிடமே கையெழுத்தும் வாங்கினேன். அதன்பின் அவர் என்னிடம் எந்த எச்சரிக்கையும் சொன்னதில்லை.

காற்று நம்மைக் கேட்டு வீசுவதில்லை. அதற்காகத்தான் இருப்புத் திறன் வைக்கிறோம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். அலகைக் குறைத்து ஓட்டியிருந்தால் கொஞ்சம் நிலக்கரி செலவாகியிருக்கும். சில காற்றாலைகளை நிறுத்தியிருப்பேன். என் பெயரில் ஒரு கீறல் விழுந்திருக்கும். அந்தச் செலவைத் தறிக்காரர்கள் தலையில் கட்டினேன்.

அந்தப் பொறியாளரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன். அதையும் இந்தக் குற்றத்தோடு சேர்த்தே எடை போடுங்கள்.