ஒரே ஊருக்கு நான்கு தடவை பெயர்ப்பலகை

சோவியத் அதிபர் பிரெஷ்னேவ் இறந்ததும் நாபெரெஷ்னியே செல்னி அவர் பெயருக்குப் போனது. பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவுக்கு இஷெவ்ஸ்க். பிரெஷ்னேவுக்குப் பின் வந்த ஆந்திரபோவுக்கு வாய்த்தது வோல்கா கரை ரைபின்ஸ்க், 1984-இல். தலைவர் கண்ணை மூடினால் ஏதோ ஓர் ஊர் பெயரை இழக்கும் என்ற காலம். அப்போது எங்கள் வீட்டில் பள்ளி நோட்டுகளுக்கு ‘சோவியத் நாடு’ பத்திரிகைப் பக்கங்கள்தான் அட்டை. வழவழ தாள், ஒட்டின லேபிள் ஒரு வாரத்தில் உதிரும். என் பூகோள நோட்டில் ஒரு ஆற்றுத் துறைமுகம், கிரேன்களோடு. எந்த ஊர் என்ற வரி மடிப்புக்குள் போய்விட்டது. ரைபின்ஸ்க் என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆதாரமெல்லாம் கிடையாது.

ஜார் மன்னரின் சமையலறைக்கு ஆண்டுதோறும் ஸ்டர்ஜன் மீன் அனுப்பவேண்டிய செம்படவர் குடியிருப்பாக இருந்தது ரைபின்ஸ்க். 1777-இல் பேரரசி காத்தரீன் அதை நகரமாக்கினார். ஆனால் ஊரை வளர்த்தது தானியம்தான். கீழ் வோல்காவிலிருந்து ஏறிவரும் பெரிய படகுகளுக்கு ரைபின்ஸ்குக்கு மேலே ஆழம் போதாது. மூட்டைகளை இறக்கி, சின்னப் படகுகளுக்கு மாற்றி, கால்வாய் வழியே பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பவேண்டும். அந்த ஆழக்குறைவில்தான் ஊருக்கே சோறு. தோளில் வார் மாட்டி, கரையில் குனிந்து நடந்தே படகை இழுக்கும் புர்லாக்குகள் வேலை தேடி ஆயிரக்கணக்கில் இங்கே கூடினார்கள். அவர்கள் யார் பெயரும் எந்த ஊருக்கும் வைக்கப்படவில்லை. வியாபாரிகள் கட்டிய தானியச் சந்தை மாளிகை இன்றும் கரையில் நிற்கிறது, அருங்காட்சியகமாக.

பிற்பாடு என்ஜின் ஆலை, கப்பல் பட்டறை, 1941-இல் அணை. நீர்த்தேக்கம் நிரம்ப நிரம்ப மொலோகா என்ற பக்கத்து ஊர் மூழ்கியது. சுற்றுப்பட்டிலிருந்து ஏறத்தாழ 1,30,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். நீர் வற்றும் வருடங்களில் மொலோகாவின் கல் பாவிய தெருக்கள் வெளியே தெரிகின்றன. இடம் போன ஊரை இன்னும் மொலோகா என்றே சொல்கிறார்கள். இடம் போகாத ரைபின்ஸ்கின் பெயர்தான் நிலைக்கவில்லை.

முதல் மாற்றம் 1946-இல். போர் வெற்றிக்கு மறுநாள் செத்துப்போன கட்சிப் பிரமுகர் ஷெர்பகோவின் பெயர். 1957-இல் பழைய பெயரே திரும்பியது. பிறகு அந்த 1984. ஆந்திரபோவுக்காவது ஒரு பாத்தியதை உண்டு: இளமையில் அங்கே ஆற்றுப் போக்குவரத்துத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தவர். பின்னாளில் உளவுத்துறை கே.ஜி.பி.யை நடத்தப் போகிறவர் படகுத்துறைப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. 1989-இல் அவர் பெயரும் கழற்றப்பட்டது. என் நோட்டு எப்போதோ பழைய பேப்பர்காரனிடம் போயிருந்தது.

ஹாலிவுட் முதலாளிகளான ஷென்க் சகோதரர்கள் பிறந்ததும் இதே ரைபின்ஸ்கில்தான். அவர்கள் பெயரை வைக்க மட்டும் மாஸ்கோவில் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது பழைய நகரத்துக் கடைகளில் புரட்சிக்கு முந்தைய எழுத்துமுறையில் பலகைகள் தொங்குகின்றன. சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுக்கிறார்கள்.