பழைய கம்ப்யூட்டரும் ஒரு பழைய பாக்கியும்



"ஆண்டுவிழா வீடியோவை எப்ப சார் போடுவீங்க?" என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். ஏன் தாமதம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒருவனுக்கு நான் தீர்க்க வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது.

என்னிடம் பள்ளி ஆண்டுவிழாக் கேசட்டுகள் 14 இருந்தன. பூஞ்சை பிடிக்கும் முன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் பெரிய ஃபைல். நீங்கள் போனில் பார்க்க வேண்டுமென்றால் சுருக்க வேண்டும். அந்த வேலை முழுக்க முழுக்க பிராசசரின் தலையில்தான் விழும். என் வீட்டில் இருப்பதோ 2009-ல் வாங்கிய டெஸ்க்டாப். உள்ளே இருப்பது 2008-ல் வந்த பென்டியம் டூயல் கோர் இ5200. வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ்.

மே மாதம், கடையநல்லூர், மத்தியானம். அறைச் சுவரில் தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டுகிறது. ஒரு மணி நேரக் கேசட்டைச் சுருக்க 2 மணி 40 நிமிடம் ஆனது. லீவுக்கு வந்திருந்த பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இத பழைய இரும்புக்குப் போடுங்க. இல்லன்னா ஓவர்கிளாக் பண்ணிப் பாருங்க" என்றான். விளையாட்டாகச் சொன்னான். நான் விடவில்லை.

ஓவர்கிளாக் என்றால் என்ன? நம் பள்ளி மைதானத்தில் டிரில் சார் விசில் ஊதுவாரே, நினைவிருக்கிறதா? ஒரு விசிலுக்குக் கை மேலே, அடுத்த விசிலுக்குக் கை கீழே. பிராசசருக்குள் அந்த விசில்தான் கிளாக். மதர்போர்டு நொடிக்கு 200 மில்லியன் தடவை ஊதுகிறது. பிராசசர் அதை 12.5 மடங்காக்கி 2,500 மில்லியனாக எடுத்துக்கொள்கிறது. அதுதான் 2.5 கிகாஹெர்ட்ஸ். பெருக்கும் எண்ணை அதற்கு மேல் ஏற்ற முடியாதபடி கம்பெனி பூட்டியிருக்கிறது. ஆனால் அந்த 200-ஐ பயாஸில் போய்க் கூட்டலாம்.

விசிலை வேகமாக ஊதிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒருவன் கை மேலே போய்ச் சேருமுன் அடுத்த விசில் வந்துவிடும். வரிசை குலையும். பிராசசரில் அது தப்புக் கணக்காக வரும், அல்லது கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும். வோல்ட்டேஜைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் கை சீக்கிரம் மேலே போகும். ஆனால் பையன்களுக்கு வேர்த்துக் கொட்டும்.

எவ்வளவு வேர்க்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிராசசர் வேலை செய்யும்போது தின்கிற மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். தின்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பம்தான். இந்த 'வர்க்கம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

முதல் காரியமாகச் சூட்டை அளந்தேன். வேலை நடக்கும்போது பிராசசர் 95 டிகிரியைத் தாண்டியது. அவ்வளவு சூடானால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது எனக்கு 2.5 கிகாஹெர்ட்ஸே முழுதாகக் கிடைக்கவில்லை. இந்த நிலையில் ஓவர்கிளாக் செய்வது, மூச்சு வாங்குகிறவனை ஓடச் சொல்வது மாதிரி.

பெட்டியைக் கழற்றினேன். ஹீட்சிங்க்கின் இடுக்கெல்லாம் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அடியில் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் சாக்பீஸாகக் காய்ந்து உதிர்ந்தது. எல்லாவற்றையும் துடைத்து, புதுப் பேஸ்டைக் கடுகளவு வைத்து, ஹீட்சிங்க்கின் நாலு ஊசியும் 'டக்'கென்று உட்கார்ந்ததா என்று பார்த்து மூடினேன். அதே வேலைக்கு இப்போது 64 டிகிரி. 2 மணி 40 நிமிடம் 2 மணி நேரமாகக் குறைந்தது. இன்னும் ஒரு ஹெர்ட்ஸ்கூட ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகுதான் பயாஸுக்குள் போனேன். 200-ஐ 210, 220 என்று பத்துப் பத்தாக ஏற்றினேன். மெமரியின் விகிதத்தைக் குறைத்து வைத்தேன். பிசிஐ பஸ்ஸை 33 மெகாஹெர்ட்ஸிலேயே பூட்டினேன். அது ஏறினால் ஹார்ட்டிஸ்கில் எழுதுவது கெடலாம். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 என்ற புரோகிராமை ஓட்டினேன். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது அது. விடை ஓரிடத்தில் பிசகினாலும் கண்டுபிடித்து நின்றுவிடும். சூடேறிய பிராசசர் நின்றுபோனால் நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் தப்பாகக் கணக்குப் போட்டால்தான் ஆபத்து.

240-ல், அதாவது 3.0 கிகாஹெர்ட்ஸில், வோல்ட்டேஜைத் தொடாமலே ராத்திரி முழுக்க ஓடியது. சூடு 70. 266-க்கு, அதாவது 3.33-க்கு, ஏற்றியதும் பிரைம்95 நின்றுவிட்டது. வோல்ட்டேஜை 1.20-லிருந்து 1.30 ஆக்கினேன். ஓடியது, ஆனால் சூடு 80.

இப்போது கணக்கு. 2.5-ல் ஒரு கேசட்டுக்கு 120 நிமிடம். 3.0-ல் 100 நிமிடம். 3.33-ல் 90 நிமிடம். மின்சாரம்? 3.0-ல் வேகம் 1.2 மடங்கு, மின்சாரமும் 1.2 மடங்கு. வேலை அதே விகிதத்தில் சீக்கிரம் முடிவதால், ஒரு கேசட்டுக்கு பிராசசர் தின்னும் மொத்த ஆற்றல் மாறவில்லை. 3.33-ல் வேகம் 1.33 மடங்கு. வோல்ட்டேஜ் விகிதத்தின் வர்க்கம் 1.17. இரண்டையும் பெருக்கினால் 1.56 மடங்கு. நேரம் குறைந்ததைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு கேசட்டுக்கு 17 சதவீதம் கூடுதல் செலவு. கடைசிப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க இவ்வளவு வெப்பம்! வர்க்கத்தின் வேலை இது. நான் 3.0-லேயே நிறுத்திக்கொண்டேன்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த இன்டெல் கம்பெனியே 2004-ல் அதைக் கைவிட்டது. வேகத்தை ஏற்ற ஏற்ற வெப்பத்தைச் சமாளிப்பது பெரும்பாடாகிவிட்டது. அதன் பிறகுதான் ஒரே சில்லில் இரண்டு கோர், நாலு கோர் என்ற வழிக்குப் போனார்கள். 2011-ல் ஏஎம்டி பிராசசர் ஒன்றை 8.429 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி கின்னஸ் சாதனை செய்தார்கள். அதற்குத் திரவ ஹீலியம் ஊற்றிக் குளிரவைக்க வேண்டியிருந்தது. நமக்குக் கிடைப்பது ஆனி, ஆடிச் சாரல்தான். அறை 8 டிகிரி குறைந்தால் பிராசசரும் ஏறக்குறைய 8 டிகிரி குறையும். அதனால் மீதிக் கேசட்டுகளைச் சாரல் காலத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். தாமதத்துக்குக் காரணம் இதுதான்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாலு வார்த்தை. முக்கியமான ஃபைலை முதலில் வேறிடத்தில் காப்பி எடுங்கள். மதர்போர்டில் கண்டென்சரின் தலை உப்பியிருந்தால் ஓவர்கிளாக் பக்கமே போகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கிற வாட்ஸ் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் 195 வோல்ட்தான் வரும். வோல்ட்டேஜ் குறைந்தால் எஸ்எம்பிஎஸ் அதே வாட்ஸுக்கு அதிக கரண்டை இழுக்கும், அதுவும் சூடேறும். ஆகவே அந்த நேரத்தில் கனமான வேலை வேண்டாம். "500 யூனிட்டைத் தாண்டிரும்" என்று வீட்டம்மா பயந்தாள். 120 வாட், 28 மணி நேரம் என்று வைத்தாலும் 14 கேசட்டுக்கும் சேர்த்து 3 யூனிட் சொச்சம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே காப்பி வந்தது.

இனி அந்தப் பாக்கி.

ஹீட்சிங்க்கிலிருந்து அந்தத் தூசியை உருவிக் கையில் எடுத்தபோது 2000-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். விசைத்தறிச் சத்தம் வகுப்புக்குள் கேட்கும். பள்ளிக்கு வந்திருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்று செலரான் 300ஏ. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் ஜம்பரை 66-லிருந்து 100-க்கு மாற்றிவிட்டான். 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆனது. கொஞ்ச நாளில் மத்தியானம் ஆனால் கம்ப்யூட்டர் உறைந்து நிற்க ஆரம்பித்தது. விசாரித்தேன். மறைக்காமல் சொன்னான். "நூறுல நல்லா ஓடும் சார், புக்குல போட்டிருக்கு" என்றான்.

நான் அவனை எல்லோர் முன்னாலும் முட்டி போட வைத்தேன். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் தறி ஓட்டுகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தலையிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டியபடி வந்து கைகட்டி நின்றார். "புத்தி சொல்லுதேன் சார்" என்று சொல்லி, ரிப்பேருக்கு 250 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன்.

ஜம்பரைப் பழையபடி 66-ல் வைத்தும் கம்ப்யூட்டர் உறைவது நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். ஃபேனில் தறிப் பஞ்சு சுற்றி, அது சுழலவே இல்லை. பஞ்சை எடுத்ததும் சரியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை, யாரும் இல்லாத நேரத்தில், நானே ஜம்பரை 100-ல் வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. பையன் சொன்னது சரி. அந்த செலரானை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் 450-ல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு படித்தேன்.

ஜம்பரைத் திரும்ப 66-ல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவனிடம் சொல்லவில்லை. வாத்தியார் தப்பு என்று வகுப்புக்குத் தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். அவன் அதற்குப் பிறகு தானாக எதையும் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. கேள்வி கேட்பதும் நின்றுபோனது. சொன்னதை எழுதினான், பாஸ் செய்தான், போய்விட்டான்.

கேட்காமல் பள்ளிப் பெட்டியைத் திறந்தது தப்புதான். அதற்கு ஒரு வார்த்தை கண்டித்திருந்தால் போதும். ஆனால் காரணத்தைத் தேடிப் பார்க்காமல் தண்டித்தேன். இயற்பியல் வாத்தியார், அளந்து பார்க்காமல் முடிவு சொன்னேன். அளந்த பிறகோ, விடையை மறைத்தேன்.

தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய். என் பதிவுகளுக்கு லைக் போடுவாய், ஒரு வார்த்தை எழுத மாட்டாய். உன் பெயரை இங்கே போடவில்லை, உனக்குத் தெரியும். உன் மேல் தப்பில்லை. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் முட்டி போட வைத்தேன். அதனால் இதையும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் அப்பா சங்கரன்கோவிலில்தான் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய் அவரைப் பார்க்கப் போகிறேன். 250 ரூபாயை எடுத்து வைத்திருக்கிறேன். வாங்க மாட்டேன் என்பார். நீ ஒரு வார்த்தை சொல்லி வை.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்,
கடையநல்லூர்.