அணில் வந்துச்சு, கரண்ட் போச்சு!

இட்லிக்குச் சட்னி அரைக்க மிக்ஸியில் தேங்காயைப் போட்டு, மூடியை அமுக்கி, ஸ்விட்சைத் திருகுகிற நேரமாகப் பார்த்துத்தான் எங்கள் ஏரியாவில் கரண்ட் போகும். கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே முளைத்த குடியிருப்பு. மலைக்காற்று இலவசம். விடிகாலையில் மயில் அலாரம் இலவசம். கூடவே இந்தக் கரண்ட் கட்டும்!

போன தடவை போனபோது ஓர் ஆராய்ச்சி மனப்பான்மையோடு தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் நடந்தேன். (வீட்டில் இருந்தால் அம்மியைக் கழுவச் சொல்வார்கள்.) லைன்மேன் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஃபியூஸுங்களா?" என்றேன்.

"ஃபியூஸ் போனது கெடக்குதுங் சார். போக வெச்சவரு யாருன்னு பாருங்க" என்று குச்சியால் புல்லை விலக்கிக் காட்டினார். வால் பொசுங்கிப்போய் ஓர் அணில். முதுகில் ராமர் தடவியதாகச் சொல்வார்களே, அந்த மூன்று கோடு மட்டும் அப்படியே இருந்தது.

2021 ஜூன் மாதம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது மின்துறை அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி (நம்ம கரூர்க்காரர்தான்), செடி கொடி படர்ந்த இடங்களில் கம்பி மேல் அணில் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்றார். அவ்வளவுதான், தமிழ்நாடே சிரித்தது. சென்னையில் கம்பி பூமிக்கடியில் போகிறதே, அணிலும் அடியிலா ஓடுகிறது என்கிற தினுசில் பா.ம.க. ராமதாஸ் கேலி செய்தார். போகிற கரண்ட் எல்லாவற்றுக்கும் அணில் பொறுப்பேற்க முடியாது, வாஸ்தவம். ஆனால் அணிலால் போகிற கரண்ட் நிஜமாகவே உண்டு.

"காக்கா தெனமும் கம்பியில உக்காருது. அதுக்கு ஒண்ணும் ஆகறதில்லையே?" என்றாள் என் சகதர்மிணி. நியாயமான கேள்வி. ஒரே கம்பியில் இரண்டு காலும் இருக்கிற வரை இரண்டு காலுக்கும் ஒரே வோல்ட். காக்கா வழியாகக் கரண்ட் எங்கேயும் போக வழியில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தலையில் கதை வேறு. இரும்புப் பெட்டி பூமியோடு இணைக்கப்பட்டது. அதன் மேலே பீங்கான் குமிழ், குமிழின் உச்சியில் 11,000 வோல்ட் கம்பி. நடுவில் இருக்கிற தூரம், ஓர் அணில் சோம்பல் முறித்து எட்டிப் பார்க்கிற தூரம்தான். பெட்டியில் பின்னங்கால், கம்பியில் மூக்கு... கரண்டுக்குப் பாலம் கிடைத்துவிட்டது. டமார்! ஃபியூஸோடு முடிந்தால் ஒரு தெரு இருட்டு. சப்ஸ்டேஷனில் பிரேக்கர் விழுந்தால் அந்த ஃபீடரில் இருக்கிற ஊர் அத்தனையும் இருட்டு.

சீமை அணிலும் இதைத்தான் செய்கிறது. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையை ஓர் அணில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தி வைத்தது. 1994-ல் அதன் வாரிசு ஒன்று மறுபடியும். 2016 ஜூனில் கென்யாவின் கிட்டாரு நீர்மின் நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுந்ததில் தேசம் முழுக்க கரண்ட் போனது. (குரங்கு பிழைத்துக்கொண்டது.) 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக அந்நாட்டு அமைச்சரே சொன்னார். தீவு முழுக்க கரண்ட் கட். லீவு நாள், கரண்டுக்குத் தேவை குறைவு, வெயிலில் சோலார் ஏகமாக வந்துகொண்டிருந்த நேரம், அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பலம் அமைப்புக்கு இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது. தனியாக ஒரு குரங்கு எந்தத் தேசத்தையும் கவிழ்த்துவிடாது என்பது என் கட்சி.

நம்ம பக்கம் கரண்ட் என்றால் வெறும் ஃபேனும் டி.வி.யும் இல்லை. 1932-ல் பைக்காராவிலிருந்து வந்த கரண்டில்தான் கோயமுத்தூர் மில்கள் பெருகின. சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். கரண்ட் போய்த் தறி பாதியில் நின்றால், நின்ற இடம் துணியில் கோடாகத் தெரியும். துணி எடுப்பவர் அணிலையெல்லாம் கணக்கில் எடுக்கமாட்டார், கூலியில்தான் கை வைப்பார். தோட்டத்துக்காரர் பாடு இன்னும் மோசம். ராத்திரி மோட்டார் நின்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடக்க வேண்டும், அந்த நேரத்துக்குக் காட்டுப்பன்றியும் அங்கே வந்திருக்கும்.

இப்போது மயில் வேறு. மருதமலை முருகனின் வாகனம், 1963-லிருந்து தேசியப் பறவை. தக்காளியைக் கொத்தினாலும் யாரும் கல்லெடுக்கத் தயங்குவார்கள். ஆனால் கம்பிக்குத் தெய்வமும் தெரியாது, சட்டமும் தெரியாது. அத்தனை பெரிய இறக்கையை விரித்து எழும்பும்போது ஒரே சமயத்தில் இரண்டு கம்பியைத் தொட்டுவிடுகிறது. நமக்குக் கால் மணி நேரம் கரண்ட் இல்லை. மயிலுக்கு எதுவுமே இல்லை.

2023 மார்ச்சில், பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டிய பூச்சியூர் பக்கம் ஓர் ஆண் யானை மின்கம்பத்தை முட்டியது. கம்பம் அதன் மேலேயே சாய்ந்தது. யானை அங்கேயே செத்துப்போனது. அதே மாதம் 7-ம் தேதி தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் மூன்று பெண் யானைகள் செத்தன. அங்கே காரணம் கம்பமல்ல, வேலியில் திருட்டுத்தனமாக விட்ட கரண்ட். பக்கத்தில் இரண்டு குட்டிகள், போக இடம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. அந்தப் படத்தை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை.

வைத்தியம் ஒன்றும் ராக்கெட் விஷயமில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தலையில் அணில் தொடுகிற இடத்துக்கு ஓர் உறை. தொங்குகிற கம்பியை இழுத்துக் கட்டுவது. யானை நடக்கிற பாதையில் கம்பத்தைச் சுற்றி முள். அப்புறம், கம்பியைத் தொடுகிற கிளையை வெட்டுவது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் சுலபம் என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாம். தொரட்டியோடு லைன்மேன் வந்தால் நாலு வீட்டு கேட் ஒரே நேரத்தில் திறக்கும். "ஏனுங் தம்பி, புள்ளையாட்ட வளத்த முருங்கைங்க. அந்த ஒரு கொப்ப மட்டும் விட்டுருங்க!" அந்தக் கொப்பு வழியாகத்தான் அணில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. மறுநாள் கரண்ட் போனதும் முதல் போன் அந்த வீட்டிலிருந்துதான்.

சென்ற வாரம் பராமரிப்புக்காக லைனை நிறுத்திவிட்டு அவர் கம்பம் ஏறினார். உச்சியில் காக்கா கூடு. காக்காய்க்கு இப்போது குச்சி போதவில்லை. கட்டிட வேலை நடக்கிற இடத்திலிருந்து கட்டுக்கம்பித் துண்டுகளாகப் பொறுக்கி வந்து செருகி வைத்திருந்தது. அதில் ஒன்று நழுவி லைனில் பட்டால் போதும். தாய்க் காக்கா அவர் தலையைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது.

"பிரிச்சு எறிஞ்சிருங்க தம்பி" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"உள்ள மூணு குஞ்சு இருக்குதுங்" என்று மேலிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு கம்பித் துண்டாக உருவிக் கீழே போட்டார். எண்ணினேன், பதினேழு. குச்சிகளை மட்டும் விட்டுவிட்டு இறங்கி, பக்கத்துத் தெருக் கம்பத்தைப் பார்க்கப் போய்விட்டார்.