நிற்கத் தெரிந்த வண்டி

ஈராண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். பங்கு அலுவலகத்தில் அமர்ந்து திருமுழுக்குச் சான்றிதழ் ஒன்றில் கையொப்பமிட்டுக் கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. கோவையிலிருந்து என் தமக்கையார். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவரின் குரல் எப்படியிருக்கும் என்பதை எங்களைப் போன்றவர்கள் எளிதில் அறிந்துகொள்வோம்.

“சாமி, உங்க மருமகன் வண்டியை என்னவோ செய்யப் போறேங்கிறான். டர்போவாம். அதுக்கு இன்னும் வேகம் கூட்டணுமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்பான்.”

அவருடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன், மலைப்பாதையில் இறங்கிக் கொண்டிருந்த வேன் ஒன்றின் பிரேக் பிடிக்காமற்போனதால் என் அத்தான் உயிரிழந்தார். அன்று என் மருமகனுக்கு வயது 11. அந்த வீட்டில் ‘வேகம்’ என்ற சொல்லை அதன்பின் யாரும் உரக்கச் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, வேலைக்குப் போய், மூன்றாண்டுச் சேமிப்பைக் கொண்டு, பிறர் ஓட்டிக் கழித்த கார் ஒன்றை வாங்கியிருந்தான். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ பொருத்தியது.

அன்றிரவே அவனை அழைத்தேன். “அம்மாவின் மனத்தை நோகச் செய்யாதே. வேண்டாம் என்றால் வேண்டாம்” என்றேன். “சரி மாமா” என்றான். உரையாடல் அத்துடன் முடிந்தது. டர்போ என்றால் என்ன, அவன் என்ன செய்ய விரும்புகிறான், ஏன் விரும்புகிறான் என்று ஒன்றையும் நான் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைப் பற்றி உறுதியாகப் பேசிவிடுவது எங்களுக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வாரங்கள் கழிந்தன. ஒரு சனிக்கிழமை நண்பகலில் அவனே அழைத்தான். சேலம் நெடுஞ்சாலையில், பெருந்துறைக்கு அருகே, கார் நீலப்புகை கக்கி நின்றுவிட்டது. காரில் அம்மாவும் இருந்தார். இருவருக்கும் காயமில்லை. கனரக லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் அந்தச் சாலையோரத்தில் தாயும் மகனும் ஒருவரோடொருவர் பேசாமல் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். “மாமா, உங்ககிட்டச் சொல்லாமப் பண்ணிட்டேன்” என்றான். அவனைக் கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை. சொல்வதற்கு நான்தான் இடம் கொடுக்கவில்லையே!

மறுவாரம் கோவைக்குப் போனேன். மோட்டார்ப் பந்தய உலகில் கோவைக்குத் தனியிடம் உண்டு. செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத்தடம், அந்நகரின் பந்தய வீரரும் பந்தயக் கார்களை வடிவமைத்தவருமான கரிவரதனின் பெயரையே தாங்கி நிற்கிறது. அத்தகைய ஊரில் கை தேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. அறுபதைக் கடந்த ஒருவரின் பட்டறையில் எங்கள் கார் பிரித்துப் போடப்பட்டிருந்தது. அவர் முக்காலியொன்றை இழுத்துப் போட்டு, “உட்காருங்க ஃபாதர். தம்பியும் உட்காரட்டும். இரண்டு பேருமே கேட்டுக்கோங்க” என்றார். அன்று நான் கற்றதையும், பின்னர் படித்துத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இத்தகைய பிள்ளையொருவன் இருக்கக்கூடும்.

எந்த எஞ்சினும் காற்றையும் எரிபொருளையும் சேர்த்து எரித்தே விசை பெறுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே விசை கூடவேண்டுமானால் பெட்ரோல் மட்டும் கூடினால் போதாது, காற்றும் கூடவேண்டும். வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூகி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், விமான எஞ்சின் ஒன்றைப் பைக்ஸ் பீக் என்னும் 14,000 அடி உயர மலையுச்சிக்கு ஏற்றிச் சென்று, காற்று மெலிந்த இடத்திலும் டர்போவினால் அது விசை குன்றாமல் இயங்குவதைக் காட்டினார்.

அந்தச் சிறு சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. முழு விசையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினின் புகை 900 பாகை செல்சியசைத் தொடும். இத்தனைக்கும் நடுவே அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான்.

டர்போ இல்லாத எஞ்சினில் குறிப்பிடத்தக்க அளவு விசை கூட்டப் பெரும்பாலும் பல பாகங்களை மாற்றியாக வேண்டும். டர்போ எஞ்சினிலோ, எவ்வளவு காற்றழுத்தம் என்பதைக் காரிலுள்ள கணினியே முடிவு செய்கிறது. அக்கணினியின் எண்களை மாற்றி எழுதினால் அழுத்தம் உயரும். விசையும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடிவிடும். இதற்கு ‘ரீமேப்’ என்று பெயர். மடிக்கணினி ஒன்று இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை. தொடங்குவது இத்தனை எளிது என்பதே இதிலுள்ள ஆபத்து. என் மருமகனும் வேறோர் இடத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். எண்களை மாற்றியவர் எஞ்சின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம்.

மெக்கானிக் ஒரு பிஸ்டனை என் கையில் கொடுத்தார். வளையங்கள் அமரும் விளிம்பு உடைந்து தெறித்திருந்தது. “இது நாக்கிங் செய்த வேலை” என்றார். காற்றை அழுத்தினால் அது சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்கவே இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் இருக்கிறது. தணியாமல் போனால், தீப்பொறியின் சுடர் பரவி வருவதற்குள் கலவையின் ஒரு பகுதி தானே வெடித்து, சுத்தியலால் அடிப்பதுபோல் பிஸ்டனைத் தாக்கும். எங்கள் காரின் இன்டர்கூலர் இதழ்களில் புழுதி அடைத்திருந்தது. அதற்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் ஒரு கீறல். கசிந்துபோன காற்றை ஈடுகட்ட டர்போ மேலும் வேகமாகச் சுழன்று மேலும் சூடேற்றியிருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகள் தேய்ந்து கிடந்தன. புதிய எண்கள் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதப்பட்டவை. பையன் ஊற்றியதோ சாதாரணப் பெட்ரோல். நான்கு சிறு குறைகள். பழைய அழுத்தத்தில் அவை ஒருவேளை இன்னும் பல மாதங்கள் ஒளிந்திருக்கும். கூடுதல் விசை அவற்றை ஒரே நாளில் வெளிக்கொணர்ந்துவிட்டது.

இது இன்றைக்கு மட்டும் நேர்வதன்று. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டர்போவுடன் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதற்கார்களில் அதுவும் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க, வடிநீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்று தனித்தொட்டியில் நிரப்பப்பட வேண்டியிருந்தது. பலர் அதை நிரப்ப மறந்தனர். தொட்டி வற்றியதும், எஞ்சினைக் காப்பதற்காகவே வைக்கப்பட்ட அமைப்பு விசையைக் குறைத்துவிடும். மக்கள் சலித்துக்கொண்டனர். இரண்டே ஆண்டுகளில் அக்கார் நின்றுபோயிற்று. பின்னர்ப் பல கார்களில் டர்போவையே கழற்றி எறிந்தார்கள். விசையை விரும்பியவர்கள், அதைத் தாங்குவதற்கான சிறு கடமையை விரும்பவில்லை.

“அப்படியென்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?” என்று கேட்டேன். பெரியவர் விரல்விட்டு எண்ணாத குறையாக வரிசையாகச் சொன்னார்.

முதலில் எஞ்சினின் உடல்நலம். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். குழாய்களில் கசிவு உண்டா என்று சோதிக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த தரத்தில் ஆயில், புதிய பிளக்குகள், தூய காற்று வடிகட்டி. இவற்றால் விசை கூடாது. ஆனால் இருக்கவேண்டிய விசை திரும்பி வரும்.

இரண்டாவது, நிற்கும் திறன். இதைச் சொல்லும்போது அவர் எங்கள் வீட்டுக் கதையை அறியார். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 100-ஐத் தொட்டால், வேகம் கால் பங்குதான் கூடுகிறது. பிரேக் தணிக்கவேண்டிய ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்னும் வகை, புதிதாய் இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் விடாமல் மிதித்தால் திரவம் கொதித்து ஆவியாகும், மிதி ஆழத்துக்குப் போகும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பூ தேயாதிருந்தாலும் முதுமையடைந்த டயர் பிடிக்காது.

என் மருமகன் தலைகுனிந்தபடியே, “அப்பா வேன்லயும் அதுதான் ஆச்சா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பெரியவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. சிறிது நேரம் பேசாமலிருந்து, ஒரு தேநீர் வரவழைத்து அவன் கையில் கொடுத்தார்.

மூன்றாவது, அளந்து பார்த்தல். ஸ்டியரிங்கின் கீழேயுள்ள சொருகுவாயில் சிறு கருவியொன்றைப் பொருத்தினால், உள்ளே போகும் காற்றின் சூடு, அழுத்தம், நாக்கிங்கைத் தவிர்க்கக் கணினி தீப்பொறியை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதெல்லாம் தெரியவரும். இரண்டு வாரமாவது அவற்றைக் குறித்துவைக்க வேண்டும். பழைய நிலை தெரியாதவனுக்குப் புதிய நிலை நல்லதா கெட்டதா என்பது விளங்காது. அதன்பின் குளிர்விப்பு, கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு, எந்தப் பெட்ரோல் நாள்தோறும் கிடைக்கும் என்ற உண்மை. இவையெல்லாம் நிறைவேறிய பிறகே கணினியின் எண்கள். அப்போதும் எட்டக்கூடிய உச்சத்தைத் தொடாமல் சற்றே கீழே நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

ஓட்டும் பழக்கத்தையும் சொன்னார். எஞ்சின் சூடேறுமுன் விரட்டக்கூடாது. மேல் கியரில் மெதுவாகப் போகையில் ஆக்ஸிலேட்டரை முழுதாய் மிதிக்கக்கூடாது. விரைந்து ஓட்டி வந்தால், உடனே அணைக்காமல் ஒரு நிமிடமாவது நின்ற இடத்தில் ஓடவிட வேண்டும். டர்போவின் தண்டைக் காக்கும் ஆயில் அங்கேயே கருகிப் போகாதிருக்கும்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்கே தடையாகலாம். எனவே எதையும் தொடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டாரிடமும் கேட்பதே முறை. வேக ஆசைக்கு உரிய இடம் பந்தயத்தடம். பிறர் பிள்ளைகள் நடமாடும் சாலையன்று.

எஞ்சினைச் சீர்செய்ய ஆறு மாதச் சம்பளம் போயிற்று. கணினியின் பழைய எண்களைத் திரும்ப எழுதச் சொன்னான். புதிய டயர்கள், புதிய பிரேக் பாகங்கள், புதிய திரவம். ஒவ்வொன்றையும் மாற்றும்போது அவனே அருகிலிருந்தான். என் விடுமுறை நாள்களில் நானும் போய் அமர்ந்திருந்தேன். அந்தப் பட்டறையில் அவன் தன் தந்தையைப் பற்றி என்னிடம் பேசியதுபோல், அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒருநாளும் பேசியதில்லை.

சென்ற ஆண்டு, பயிற்சி நாளொன்றில், செட்டிபாளையத் தடத்தில் அந்தக் காரை ஓட்டினான். இறங்கி வந்ததும், “மாமா, இருக்கிற விசையையே முழுசா ஓட்டத் தெரியலை. கூட்டறதை அப்புறம் பார்க்கலாம்” என்று சிரித்தான். நான் ‘வேண்டாம்’ என்று ஒற்றைச் சொல்லால் சாதிக்க முயன்றதை அந்த வண்டியே அவனுக்கு விளக்கிச் சொல்லியிருந்தது.

அந்த டிசம்பரில் தமக்கையார் அக்காரில் ஏறி, 14 ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் போகாதிருந்த அந்த மலைப்பாதையில் மகனோடு இறங்கினார். முன்னிருக்கையில் அவர், பின்னால் நான். முதல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, பிரேக்கை மெல்லத் தொட்டு, வண்டியை ஏறத்தாழ நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து காட்டினான். “நிக்குதும்மா, பார்த்தீங்களா?” என்றான்.

தமக்கையார் ஒன்றும் சொல்லவில்லை. கதவுப்பிடியை இறுகப் பற்றியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.