கோட்டுப் பையில் ஒரு கை

ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம். அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. துணிமணிகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பியபோது அடியில் அந்தக் குளிர் கோட்டு கிடந்தது. சென்னையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் யாருக்கும் தூக்கிக் கொடுக்க மனம் வந்ததில்லை. உதறி மடிக்கப் போனேன். இடது பையில் ஏதோ கனத்தது. கையை விட்டு எடுத்தால், உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம். கல்லாக இறுகியிருந்தது.

கைரோ. குளிர்காலத்தில் ஜப்பானில் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும் சூட்டுப் பொட்டலம். மேலுறையைப் பிரித்து நாலு தடவை குலுக்கினால் சுடத் தொடங்கும். பத்து மணி நேரத்துக்கு மேலும் அந்தச் சூடு தாங்கும். சூடு தீர்ந்ததும் இப்படி இறுகிவிடும். உள்ளே இருப்பது இரும்புத் தூள், கொஞ்சம் உப்பு, கரி, ஈரம். ரயிலில் முதல் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அக்காதான் எனக்கு விளக்கினாள்.

"துருப் பிடிக்கும்போது வர்ற சூடுல்லா இது. நம்ம வீட்டு ஜன்னல் கம்பியும் இப்படித்தான் சுட்டுக்கிட்டு இருக்கு. மெதுவா நடக்கதுனால நமக்குத் தெரியல."

அக்கா அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நீரின் மூன்று நிலைகள் என்ற பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. அந்தப் பாடம் வரும் நாளில் மீன்கடையில் சொல்லிவைத்து ஒரு கட்டி ஐஸை பிளாஸ்கில் போட்டு எடுத்துப் போவாள். இரண்டாம் பீரியடுக்குள் பாதி தண்ணீராகியிருக்கும். அதையே பிள்ளைகளிடம் காட்டிப் பாடம் நடத்திவிடுவாள். ஐஸைக் காட்டியவள் பனி பெய்து பார்த்ததில்லை. அம்பது வயதில்தான் பாஸ்போர்ட் எடுத்தாள். 2018 அரையாண்டு லீவில் கிளம்பினோம். நான், அக்கா, கல்லூரியில் என்னோடு படித்த நாகர்கோவில் தோழன். தோக்கியோவுக்குப் பக்கத்தில் கவாசாகியில் வேலை பார்க்கும் மதுரைக்காரனும் அவன் மனைவியும் அங்கே சேர்ந்துகொண்டார்கள். மதுரைக்காரனுக்கு ஜப்பானிய மொழி தண்ணீர்பட்ட பாடு. அவன் இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை.

ஹொக்கைதோவுக்கு விமானத்தில் போயிருக்கலாம். ரயிலில்தான் போக வேண்டும் என்று அக்கா நின்றாள். கடலுக்கு அடியில் போகிற ரயில் என்று எங்கோ படித்திருந்தாள். ஹொன்ஷுவையும் ஹொக்கைதோவையும் இணைக்கும் செய்க்கான் சுரங்கம் ஏறத்தாழ 54 கிலோமீட்டர் நீளம். அதில் 23 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். 1988இல் திறந்தார்கள். உள்ளே போனதும் ஜன்னலில் எங்கள் முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. அக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி, "இப்ப நமக்கு மேல கடலா?" என்றாள். மதுரைக்காரன் தலையாட்டினான். 1954இல் ஒரு புயலில் தோயா மாரு என்ற பெரும் படகு இந்த நீரிணையில் கவிழ்ந்து ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதற்குப் பிறகுதான் இந்தச் சுரங்கத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்ற பேச்சு வலுத்தது என்று அவன் சொன்னான். அக்கா உடனே தனுஷ்கோடி என்றாள். 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் கொண்டுபோன கதையை அம்மா சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்ந்தவர்கள். அதன் பிறகு சுரங்கம் முடிகிறவரை அவள் பேசவில்லை. கை மட்டும் கண்ணாடியிலேயே இருந்தது.

வெளியே வந்தபோது எல்லாம் வெள்ளை.

இந்த இடத்தில் தமிழ் என்னைக் கொஞ்சம் தடுமாற வைக்கிறது. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வாழையிலை நுனியில் தொங்குவது, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்ள வைப்பது. ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கே கொடுத்த மொழி இது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் ஜன்னலுக்கு வெளியே மின்கம்பியின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் அதற்கும் அதே சொல்தான். அக்காவுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. "நம்மூர்ல தண்ணியா விழுது, இங்க விழுமுன்னே உறைஞ்சிருது" என்றாள்.

சப்போரோவில் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்து மீட்டர் அளவுக்குப் பனி பெய்யும் ஊரில் இவ்வளவு பேர் வாழ்வதே பெரிய காரியம். சைபீரியாவிலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. கரையேறியதும் அதைக் கொட்டிவிடுகிறது. நம் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலில் செய்யும் அதே வேலை. சாலையோரக் கம்பங்களிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக அம்புகள் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. பனி மூடிய பிறகு சாலையின் விளிம்பு எங்கே என்று வண்டியோட்டுகிறவர்களுக்குக் காட்டத்தான். சிக்னல் விளக்குகளைக்கூட நெடுக்காக வைத்திருக்கிறார்கள், மேலே பனி தங்காமல் இருக்க. மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

நாங்கள் எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு இரட்டை வாசல். வெளிக்கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, அதை அடைத்த பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். அந்த இரண்டு கதவுகளுக்கும் இடையில், ஆள் ஒருவர் நிற்கிற அந்தச் சின்ன இடத்தில், மூக்கில் ஏறியது அந்த வாடை. சீமெண்ணெய்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏல, கியூ ஞாபகம் வருதா?"

ஹொக்கைதோ வீடுகளைச் சூடாக்குவது பெரும்பாலும் சீமெண்ணெய்தான். வீட்டுக்கு வெளியே தொட்டி மாதிரி வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது ரேஷன் கடை. அப்பா போனபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. கார்டை நான் பிடித்துக்கொள்வேன், கேனை அவள் தூக்கிக்கொள்வாள். பகல் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். நிற்கிற நேரத்தில் வாய்ப்பாடு சொல்லித்தருவாள். பதினாறாம் வாய்ப்பாடு நான் கற்றது சீமெண்ணெய்க் கியூவில். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவள் கையில் அந்த வாடை போகாது. அந்தக் கையால் அவள் பிசைந்து உருட்டித்தரும் சோற்றிலும் லேசாக இருக்கும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வாசலில் நின்றபோதும் சொல்லவில்லை.

மறுநாள் ஓத்தாரு போனோம். 1923இல் வெட்டி முடித்த கால்வாய், கரையில் கிடங்குகள், வரிசையாக விளக்குகள். எல்லோரும் எடுக்கிற படங்களை நாங்களும் எடுத்தோம்.

அதற்கடுத்த நாள் ஹொக்கைதோ பல்கலைக்கழகம். இது அக்காவுக்காகவே போனது. அங்கே நகாயா உகிச்சிரோ என்ற இயற்பியலாளர் பனிப் படிகங்களை ஆயிரக்கணக்கில் படமெடுத்தார். பிறகு அதைத் தாமே செய்ய முடியுமா என்று பார்த்தார். குளிரூட்டிய அறையில் நீராவியை அனுப்பினால் மட்டும் போதாது. படிகம் பிடித்து வளர ஒரு முனை வேண்டும். பட்டு, பஞ்சு, கம்பளி என்று நூல் நூலாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் புழுப் புழுவாக உறைந்ததே தவிரப் படிகம் வரவில்லை. கடைசியில் கைகொடுத்தது முயலின் முடி. அதில் இருக்கிற சின்னச் சின்ன முடிச்சுகளில் தனித்தனியாகப் படிகம் அமர்ந்தது. 1936இல் உலகத்திலேயே முதல் செயற்கைப் பனிப் படிகம் பிறந்தது அங்கேதான். எந்தக் குளிரில், எவ்வளவு ஈரத்தில் என்ன உருவம் வரும் என்று அவர் வரைபடமே போட்டார். தரையில் விழுந்த படிகத்தைப் பார்த்தே அது உருவான உயரத்தில் காற்று எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அந்த ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில் அறுகோணமாக ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அக்கா அதன் மேலிருந்த பனியைத் துடைக்கவில்லை. பக்கத்தில் நின்று, வலது கையுறையைக் கழற்றி, இடது கையில் விரித்துப் பிடித்தாள். கறுப்புக் கம்பளிக் கையுறை. அப்போது காற்றில்லை. பூந்துகள் மாதிரி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று வந்து கையுறையின் கட்டைவிரல் பக்கம் உட்கார்ந்தது. ஆறு கிளை. ஒவ்வொரு கிளையிலும் பெரணி இலை மாதிரி இருபுறமும் சிறு கிளைகள். அதன் நடுவில் ஓர் ஊசிமுனைப் புள்ளி. கரும்பலகையில் வரைந்து காட்டியது போலத் துல்லியம். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள், மூச்சுப்பட்டால் கரைந்துவிடும் என்று. நாங்கள் நாலு பேரும் அவளைச் சுற்றிக் குனிந்து நின்றோம். யாரும் பேசவில்லை. நாகர்கோவில்காரன் மட்டும் மெதுவாக, "அக்கா, படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கண்ணை நான் அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை, அது மட்டும் தெரியும்.

திரும்பும் வழியில்தான் அந்தக் கையுறையை எங்கோ விட்டுவிட்டது தெரிந்தது. இருட்டிவிட்டது. பனியும் வலுத்தது. தேடிப் போகலாம் என்றேன். "விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெறும் வலது கையை என் கோட்டின் இடது பைக்குள் நுழைத்துக்கொண்டாள். அங்கே என் கையும் இருந்தது, கைரோவும் இருந்தது. சாக்பீஸ் பிடித்துப் பிடித்துக் காய்ந்துபோன விரல்கள், இத்தனை வருஷத்தில் இவ்வளவு சின்னதாகி இருந்தன. என் கைதான் வளர்ந்திருக்க வேண்டும். என் நினைவில் அந்தக் கை பெரியது.

சின்ன வயதில், எங்கள் ஊர்க் குறுக்குத்துறைப் படித்துறையில் அவள் கை அவ்வளவு பெரியதாகத்தான் இருக்கும். மார்கழி விடியலில் தாமிரபரணியில் ஆவி பறக்கும். வெளியே நடுங்கினாலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் அது வரைக்கும் இறங்க வேண்டுமே. அடிப்படிகளில் பாசி. அக்கா முதலில் இறங்குவாள். வலது பாதத்தைப் படியில் இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்ப்பாள். "வழுக்கல, வா" என்று சொன்ன பிறகுதான் நான் கால் வைப்பேன். வழுக்கும் என்றால் கரையிலிருந்து ஒரு கை மணலை அள்ளி வந்து தூவுவாள். எனக்குப் பின்னால் வருகிற வயதான ஆச்சிகளுக்கும் அந்த மணல் உதவும்.

சப்போரோவில், பெரிய சாலையைக் கடக்கிற இடத்தில் நான் வழுக்கினேன். வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிப் பனி கண்ணாடியாகி இருந்தது. விழவில்லை, பைக்குள் இருந்த அவள் கை என்னை இழுத்துப் பிடித்துவிட்டது. இருவருமாக ஆடி நின்றோம். சாலை முனையில் ஒரு பெட்டி இருந்தது. மதுரைக்காரன் அதைத் திறந்து ஒரு சிறு பையை எடுத்தான். உள்ளே கறுப்பாகப் பொடிக்கல். நகரத்து ஆட்களே வைத்திருப்பது, நடந்து போகிற யார் வேண்டுமானாலும் எடுத்து வழுக்கும் இடத்தில் தூவிவிட்டுப் போகலாம் என்றான்.

அக்கா அந்தப் பையை அவன் கையிலிருந்து வாங்கினாள். கையுறையில்லாத கையை விட்டு அள்ளினாள். கோலமாவு விடுவதுபோல், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் உரச, சீராகத் தூவிக்கொண்டே எதிர்ப்புறம் வரை போனாள். சிக்னல் மாறிவிடுமே என்று எனக்குப் பதற்றம். மறுகரையில் நின்று திரும்பி, வா என்று கையைக் காட்டினாள். எங்களோடு சேர்ந்து, கைத்தடி ஊன்றிய ஒரு முதியவரும் அந்தக் கறுப்புத் தடத்தில் கடந்தார். அக்காவைப் பார்த்துத் தலை குனிந்தார். அக்காவும் குனிந்தாள். பிறகு கை மறுபடி என் பைக்குள் வந்தது, கல்பொடியோடு. மீதி ஒரு மைல் தூரமும் அப்படியே நடந்தோம்.

கையுறை கிடைத்தது. மறுநாள் போனபோது அறுகோணக் கல்லுக்குப் பக்கத்து வேலிக்குச்சியில் யாரோ செருகி வைத்திருந்தார்கள், விரல்கள் மேலே பார்த்து நிற்க. உள்ளே பனி நிறைந்திருந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு போன மார்கழியில்தான் அக்காவோடு குறுக்குத்துறைக்குப் போனேன். அவளுக்கு இப்போது முட்டி வலி. படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை, முன்னால் இறங்கினாள். கீழ்ப்படிகளில் ஆறே மணலைக் கொண்டுவந்து போட்டிருந்தது. ஆனாலும் வலது பாதத்தை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள்.

கைரோ கிடைத்த செய்தியைச் சொல்ல அன்றைக்கே போன் செய்தேன். இறுகிப்போனதை உடைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"எக்காரணம் கொண்டும் உடைச்சிராத. எட்டாம் வகுப்புக்குத் துருப் பிடிக்கிறது நடத்தணும். பொங்கலுக்கு வரும்போது கையோட கொண்டா. கோட்டுப் பையில வச்சே கொண்டா, வேற எங்கயாவது வச்சா மறந்துருவ."