தெங்கா: கணினியில் முதலில் வீசிய காற்று

மேக்ஸ்வெல் சாலையில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் காட்சிக்கூடம். சிங்கப்பூரின் நடு நகரம் 1:400 அளவில் அறை முழுக்க விரிந்து கிடக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கட்டடத்தை நகர்த்தினால் நிழல் யார் வீட்டில் விழும், காற்று எங்கே அடைபடும் என்று இதனிடம் கேட்க முடியாது. அந்தக் கேள்விகளுக்காகத்தான் 2014-ல் தீவின் முப்பரிமாணக் கணினி மாதிரியான 'விர்ச்சுவல் சிங்கப்பூர்' திட்டத்தை அறிவித்தார்கள், செலவு 7.3 கோடி வெள்ளி. நில ஆணையம் விமானத்திலிருந்தும் தெருவில் ஓடிய வண்டிகளிலிருந்தும் லேசர் பாய்ச்சித் தீவையே அளந்தது. முழு மாதிரி அரசுத் துறைகளின் கையில். நமக்கு ஒன்மேப் என்ற இணைய வரைபடம்.

இப்படிக் கணினியில் சோதித்துக் கட்டுவதன் விளைவைக் கண்ணால் பார்க்க மேற்கே தெங்காவுக்குப் பஸ் ஏறினேன். ஒரு காலத்தில் ராணுவப் பயிற்சி நடந்த காடு. இன்று 42,000 வீடுகளுக்குத் திட்டமிட்ட புதுநகர். அஸ்திவாரம் தோண்டும் முன்பே காற்றோட்டத்தையும் வெயில் சூட்டையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, அதற்கேற்ப புளோக்குகளின் இடத்தையும் திசையையும் முடிவு செய்தது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக). ஏசி போடாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பது இங்கே மாதக் கடைசிக் கரண்டு பில்லின் கேள்வி.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றேன். திறந்த தளம், தூண்கள் மட்டும். வெளியே வெயில் கொளுத்த, இங்கே சட்டை படபடத்தது. கணக்கு பலித்திருக்கிறது! ஆனால் பூப்பந்து ஆடிய இரண்டு பையன்களுக்கு அதுவே தொல்லை. அடித்த பந்து ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கியது. கடைசியில் லிஃப்ட் சுவரின் மறைவுக்கு ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். எந்த மூலையில் யாருக்குக் காற்று வேண்டாம் என்பதைக் கணினிக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

லேசருக்கு எட்டாத இடம் ஒன்றும் உண்டு: தரைக்குக் கீழே. பழைய குழாய், கேபிள் பதிவுகள் எல்லாவற்றையும் நம்ப முடியாது. அதற்காகவே நில ஆணையமும் சிங்கப்பூர்-இடிஹெச் ஆய்வு மையமும் நிலத்தடி வரைபட ஆய்வில் இறங்கின. திரும்பும் வழியில் சாலையோரம் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தவர் புதுக்கோட்டைக்காரர். அருகில் மண்வெட்டும் இயந்திரம் சும்மா நின்றது. ஏன் கையால் என்றேன்.

"படத்த நம்பி மிஷின விட்டா கேபிள் போயிரும் சார். மொதல்ல கையால தோண்டிப் பாத்துரணும்."